சாமிகளுக்கு விதி எழுதிய காலம்

போன வாரம் தம்பி மகள் பெங்களூரிலிருந்து சிநேகிதிகளோடு வந்திருந்தாள். கூடத்தில் பாயை விரித்து, பல முகம் கொண்ட பகடைகளைக் கொட்டி, மத்தியானம் முழுக்க ஒரே சண்டை. ஒருத்தியின் கதாபாத்திரம் வளர்ந்து வளர்ந்து சாமிக்குச் சமமாகிவிட்டதாம். இனி அவளை எதிர்த்து எதுவும் நிற்காது, ஆட்டமே சப்பென்று போய்விட்டது என்று மற்றவர்கள் புலம்பினார்கள். "பெரியப்பா, இந்த மாதிரி கேரக்டரை எப்படிக் கட்டுப்படுத்துறது? உங்களுக்கு இதெல்லாம் புரியாது, விடுங்க" என்று கேள்வியையும் பதிலையும் தம்பி மகளே சொல்லிக்கொண்டாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்குப் புரியாதாம். சாமிக்கே விதி எழுதிக் கெட்டவனிடம் சொல்கிறாள்.

ஒரு பகடை உருண்டு என் நாற்காலிக்கு அடியில் வந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அந்தப் பெண்கள் நினைத்திருப்பார்கள். ஒரு வாசனையும் இல்லை. எங்கள் பகடைகளில் கடலைப் புண்ணாக்கு வாசனை அடிக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பழங்காநத்தத்தில் செந்தில் வீட்டுப் புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி இருந்தது. அதன் மாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் நாங்கள் மூன்று பேர் அங்கே கூடிவிடுவோம். மூவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. செந்தில் முதலாளி மகன், வேலைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லாதவன். ராஜாமணி சமயநல்லூர்க்காரன், வயல்காட்டு வேலையை முடித்துவிட்டு, முழங்காலில் சேறு காய, பஸ் ஏறி வருவான். கோச்சடையிலிருந்து சைக்கிளில் போகிறவன் நான். செந்திலின் அப்பாதான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குச் செயலாளர். அங்கே நான் தற்காலிக வாத்தியார். மே மாதம் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த நிரந்தர வேலை உனக்குத்தாம்ப்பா என்று அவர் வாய்திறந்து சொல்லியிருந்தார். அதை எங்கம்மா தெரு முழுக்கச் சொல்லி, எனக்குப் பெண் பார்க்கவும் ஆள் அனுப்பிவிட்டார்.

அந்த விளையாட்டுப் பெட்டியை அமெரிக்காவில் இருந்த செந்திலின் தாய்மாமன் கொடுத்துவிட்டிருந்தார். ஒருவர் கதை சொல்லவேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு மனிதராக நுழைந்து என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவுதான். பகடையில் எண்கள் வெறும் பள்ளமாக இருந்தன. நாமே நிரப்பிக்கொள்ள ஒரு மெழுகுக் குச்சியும் பெட்டிக்குள் கிடந்தது. புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் கதை சொல்லவும் தீர்ப்புச் சொல்லவும் என்னைப் பிடித்துப் போட்டார்கள். ராஜாமணி என்னை நாட்டாமை என்றே கூப்பிட்டான். பி.ஏ. இங்கிலீஷ் படித்ததற்கு அதுவரை கிடைத்த உருப்படியான உத்தியோகம் அதுதான்.

புத்தகத்தில் இருந்த கோட்டை, பனிமலை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தோம். பனியை யார் கண்டது? நாகமலைக் குகையில் ஒரு அரக்கனை உட்கார வைத்தேன். வைகையில் வெள்ளம் விட்டேன். செந்தில் வாள்வீரனாகத் தொடங்கினான். ராஜாமணி ஆடு மேய்க்கிறவனாக வந்தான். கடைசிவரை வேறு எதுவாகவும் மாற மறுத்துவிட்டான். "நெசத்துல கிடைக்காத ஆட்டையாவது இங்க மேச்சுக்கிறேனே" என்பான்.

செந்திலுக்குப் பகடை நன்றாக விழுந்தது. அரக்கன் செத்தான், அவன் அண்ணன் செத்தான், மலையே செத்தது. படிப்படியாக ஏறி, கையை நீட்டினால் இடி விழும் என்கிற நிலைக்கு வந்துவிட்டான். "இவன் சாமி ஆயிட்டான் மாப்ள. இனி கும்புட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றான் ராஜாமணி. ஆட்டம் படுத்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டினால், அவனைவிடப் பெரிய எதிரியைக் கொண்டுவா என்று இருந்தது. கொண்டுவந்தேன். இரண்டு பெரிய ஆட்கள் மோதிக்கொண்டதில் நடுவில் இருந்த ஊர்கள்தான் நாசமாயின. கும்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ அவ்வளவுதான் பலம் என்று அடுத்தொரு விதி போட்டேன். செந்தில் ஊர் ஊராகப் போய் மிரட்டிக் கும்பிட வைத்தான். யோசித்துத்தான் செய்தான் என்று சொல்லமாட்டேன், அவனுக்கு அது இயல்பாக வந்தது.

கடைசியில் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு உதித்தது. நம்மூர்க் கதைகளில் எந்த அரக்கனும் பலம் குறைந்து சாகவில்லை, வாங்கிய வரத்தில் இருந்த ஓட்டையால்தான் செத்தான். அதனால், வரத்தை நீ சொல்லு, ஓட்டையை அடுத்தவன் சொல்லுவான். இதுதான் விதி. வெள்ளைக்காரன் புத்தகத்தில் இல்லாத விதி. எனக்குத் தலைகால் புரியவில்லை, சைக்கிளில் பாடிக்கொண்டே போனேன். செந்திலும் ஒப்புக்கொண்டான். எதுவும் தன்னை அழிக்கக்கூடாது என்று வரம் கேட்டான். ராஜாமணி அதிகம் யோசிக்கவில்லை. "குடுத்த வாக்க மீறுனா அந்த நிமிசமே பலம் அம்புட்டும் போயிரும்" என்றான்.

அதன்பிறகு சில மாதம் ஆட்டம் களை கட்டியது. பஞ்சம் வந்தபோது ஆட்டுக்காரன் சாமியிடம் போய்த் தன் ஊர்க் கண்மாய் வற்றக்கூடாது என்று கேட்டான். சாமியும் வாக்குக் கொடுத்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவனோ ஒருவனோடு சண்டை பிடிக்க ஆயுதம் தேவைப்பட்டு, அதே கண்மாய்த் தண்ணீர் முழுவதையும் செந்தில் உறிஞ்சி எடுத்தான். கொடுத்த வாக்கு அவனுக்கு நினைவிலேயே இல்லை. பலம் போயிற்று என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"அப்ப இவரு இப்ப சாதா ஆளுதானே நாட்டாமை? என் ஆட்டுக்கம்பால ஒரு அடி வச்சுக்கிறேன்" என்று ராஜாமணி பகடையை உருட்டினான். அடி விழுந்தது. நானும் அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். செந்திலும் கொஞ்சம் சிரித்தான்.

"சரி, மாத்திச் சொல்லு. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றான்.

"விதி விதிதான் செந்திலு."

அவன் பகடையை எடுத்து, தேய்ந்த முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான். "ஜூன்ல அந்த வேலை வருதுல்ல? அப்பாகிட்ட நாந்தான் பேசணும்."

கோபமே இல்லை. காபி வேண்டுமா என்று கேட்கிற குரல். நான் புத்தகத்தை எடுத்துச் சும்மா புரட்டினேன். ராஜாமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாட்டாமை, ஒரு சந்தேகம். அந்த வாக்கு எனக்குக் குடுத்ததுதானே? நானே அது வேணாம்னுட்டா?"

"விதியில அப்படி எதுவும் இல்லையேடா."

"இல்லைல்ல? அப்ப வேணாம். கண்மாய் எனக்கு வேணாம், ஆட்ட ஓட்டிக்கிட்டு வேற ஊரு போறேன். சாமிக்கும் வாக்கு மீறுன தோசம் இல்ல. எழுதிக்க."

செந்திலின் பலம் திரும்பிவிட்டது. குஷியாகி எங்களுக்கு டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னான். ராஜாமணி வடையைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது என் சைக்கிள் ஹேண்டில்பாரில் கைவைத்துக்கொண்டு சொன்னான். "அந்த வேலைய வாங்கிரு மாப்ள. எனக்கு இந்த சாமி சகவாசம் ஒத்து வரல. திருப்பூர்ல மாமா கூப்புட்டுக்கிட்டே இருக்காரு, போறேன்." அந்த வாரமே போய்விட்டான்.

ஜூன் வந்தது. வேலை, செயலாளரின் மச்சினன் மகனுக்குப் போனது. "வேற மாதிரி ஆகிப்போச்சுப்பா" என்றார் பெரியவர். பெண் பார்த்த வீட்டிலிருந்து அதற்கப்புறம் தகவலே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டங்கி மாடி ஏறினேன். செந்தில் கட்டிலில் மல்லாந்து ஏதோ பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்றேன்.

"எந்த வேலை?" என்றான்.

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தான். அப்பாவிடம் எனக்காகவும் பேசவில்லை, எனக்கு எதிராகவும் பேசவில்லை. பழி வாங்கியிருந்தாலாவது என்னை ஓர் ஆளாக மதித்தான் என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். ராஜாமணி விட்டுக்கொடுத்தது தனக்காக இல்லை, எனக்காக என்பதும் இவனுக்குத் தெரியாது. ஒருவன் அந்த அறையைவிட்டே போனதும் இவனுக்கு உறைக்கவில்லை.

பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு, மொத்த மருந்துக் கடையொன்றில் பில் எழுதப் போனேன். தற்காலிகமாகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அங்கேயே தலை நரைத்தது. கிட்டங்கியை இடித்து வரிசையாகக் கடைகள் கட்டிவிட்டார்கள். செந்தில் அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தான், ஆண்டு விழாக்களில் மாலை வாங்கினான், நன்றாகவே இருக்கிறான்.

பல வருடம் கழித்து ஒருமுறை சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் ராஜாமணியைப் பார்த்தேன். திருவிழாவுக்கு வந்திருந்தான். மெலிந்திருந்தான், சாயப்பட்டறை வேலையில் கைவிரல்கள் நீலம் பாய்ந்து கிடந்தன. என்னைக் கண்டதும் பக்கத்தில் நின்ற தன் பையனை முன்னால் தள்ளி, "வணக்கம் சொல்லுடா, வாத்தியாரு" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடமெல்லாம் நல்லாப் போகுதா மாப்ள? எட்மாஸ்டர் ஆகியிருப்பியே" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு பெருமை.

"போகுதுடா, நல்லாப் போகுது" என்றேன்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். அடுத்த வருடம் அவன் செத்துப்போன செய்திதான் வந்தது. என்னை வாத்தியார் என்று நம்பிக்கொண்டிருந்தவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான். அவனோடு அந்த வாத்தியாரும் போய்விட்டார்.