ஆத்துமாக்கள் திருநாளில் ஒரு தேர்தல் கூட்டம்

இன்று விடியவே கொழும்பிலிருந்து என் கணவரின் தம்பி பிலிப் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர், சிலாபத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த சிறு நகரத்தில் பேசப் போகிறாராம். ஊர் விபரம் திரட்டும் பொறுப்பு பிலிப்புக்கு.

மீனவர் சங்கம், பாடசாலை, குடிதண்ணீர் என்று எல்லாம் சொன்னேன். பிறகு, கூட்டம் எப்போது என்று கேட்டேன்.

"நவம்பர் ரெண்டு, பின்னேரம் அஞ்சு மணிக்கு, அண்ணி."

"அண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாள். முழு ஊரும் சேமக்காலையில, செத்த ஆக்களின்ர கல்லறையளுக்கு முன்னால மெழுகுதிரியோட நிக்கும். உங்கட ஆள் ஆரோட பேசப் போறார்?"

"நீங்கள் கனடாவுக்குப் போய் ஒன்பது வருசம். உதெல்லாம் இப்ப ஆர் பாக்கினம்?"

"பங்குச் சாமியாரைக் கேளும்."

இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி அழைத்தார். நவம்பர் இரண்டிலா கூட்டம் என்று சாமியார் சிரித்தாராம். கூட்டத்தை மறுநாளுக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஸ்காபரோவில இருந்துகொண்டு ஒரு கட்சியையே அசைச்சுப் போட்டீங்கள், அண்ணி."

மறுக்க மாட்டேன், இன்று முழுவதும் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

வேட்பாளர் நன்றி சொல்லச் சொன்னாராம். எனக்கு அங்கே வாக்கு இருந்திருந்தாலும் அவருக்குப் போட்டிருக்க மாட்டேன் என்று பிலிப்பிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்களா?