வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை

சகாயமேரியைச் சங்கீதப் படிப்பிலிருந்து நீக்கிய கதை பொம்மிடிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அடங்காதவள், வாயை மூடத் தெரியாதவள், அதனால் கெட்டாள் என்று முடிப்பார்கள். அப்படிச் சொல்கிற வாயில் மண் விழ. அவள் எதற்காக வாயைத் திறந்தாள் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

சவுரியப்பனின் மகள் அவள். கேழ்வரகும் கடலையும் போடுகிற வானம் பார்த்த காடு அவர்களுக்கு. ஊர்க் கோவிலில் உபதேசியார்தான் ஜெபமும் சொல்லித் தருவார், ஆர்மோனியமும் வாசிப்பார். ஊரில் அதைப் பொட்டி என்பார்கள். அந்தப் பொட்டியின் பக்கத்தில் நின்று பாடியே சகாயமேரி வளர்ந்தாள். பாவாடை கட்டுகிற வயதிலேயே உபதேசியாருக்கு உடம்பு முடியாத நாட்களில் அவள்தான் வாசிப்பாள். பங்குச் சாமியார் அவள் குரலைக் கேட்டுவிட்டு, சர்வகலாசாலையின் இசைக் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்கும் சங்கீதம் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்து வந்தார். சவுரியப்பனைக் கரைத்துச் சம்மதிக்க வைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. 1940இல் அவள் தகரப் பெட்டியோடு ரயிலேறினாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாட்டுப் படிக்கப் போன பெண் வேறு யாரும் இல்லை.

முதல் பரீட்சையிலேயே அடி விழுந்தது. பாட்டு வாத்தியார் அவளை நடுப்பாட்டில் நிறுத்தினார். ஸ்வரம் நட்டு வைத்த முளைக்குச்சி மாதிரி நிற்கிறது, அசையவே மாட்டேன் என்கிறது, இது ஆர்மோனியத் தொண்டை என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பொட்டியில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அதைக் கேட்டுப் பழகிய குரலுக்கு, ஸ்வரத்தை வளைத்து அசைக்கிற கமகம் சட்டென்று வராது. சொல்லித் தரத்தானே வாத்தியார்? அவரோ மார்க்கைக் குறைத்ததோடு சரி.

மார்க் குறைந்தவர்களை அடுத்த பருவம் முழுக்கக் கண்காணிப்பில் வைப்பது அங்கே சட்டம். பிள்ளைகள் அதைப் புரபேஷன் என்பார்கள். வகுப்பைத் தவறவிடக் கூடாது, வெளியில் எங்கும் கச்சேரி செய்யக் கூடாது, அடுத்த பரீட்சையில் தேற வேண்டும். ஒன்று தவறினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் எல்லோருக்கும் பொது. சகாயமேரிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ஆர்மோனியத்தைத் தொடவே கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, பாட்டு வாத்தியாரின் வாயிலிருந்து வந்தது. அதே கண்காணிப்பில் இருந்த இன்னொரு பெண் தை மாதம் ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் பாடினாள். முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வாத்தியார்தான். சகாயமேரிக்குக் காதில் புகை வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சாதகம் செய்தாள். பங்குனி பிறக்கும்போது அவள் குரலில் ஸ்வரம் வளைந்தது, குழைந்தது. வாத்தியார் குறை சொல்வதை நிறுத்தியிருந்தார். இனிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரத்தில் பரிசுத்த வாரத்துக்கு லீவு விட்டார்கள், அவள் ஊருக்கு வந்தாள்.

பெரிய வியாழக்கிழமைப் பூசையோடு ஊர்க் கோவிலில் மணியின் நாக்கு அடங்கிவிடும். பொட்டியையும் மூடிப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமைப் பூசையில் மணி திரும்ப ஒலிக்கும்வரை மரக்கட்டையைத் தட்டித்தான் ஜனங்களைக் கூப்பிடுவது. சாமி செத்துக் கிடக்கிற நேரத்தில் வாத்தியம் எதற்கு? பெரிய வெள்ளியன்று சகாயமேரி பொட்டியைத் தொடாதது இருக்கட்டும், தனித்துப் பாடக்கூட இல்லை. கூட்டத்தோடு முழங்காலில் இருந்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உயிர்த்த ஆண்டவரின் சப்பரம் ரயிலடிவரை போய்த் திரும்பும். பின்னால் மாட்டு வண்டியில் பொட்டி வரும். அந்த வருஷம் உபதேசியார் குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். வாசிக்க வேறு ஆள் இல்லை. சகாயமேரி தன் கண்காணிப்பைப் பற்றி அப்பாவிடம் எடுத்துச் சொன்னாள். சவுரியப்பன் காது கொடுக்கவில்லை.

"அவங்க சட்டம் அவங்க ஊரோட இருக்கட்டும் கண்ணு. சாமி எழுந்திரிச்ச அன்னைக்குப் பொட்டி சும்மா கெடக்கலாமா? ஏறி ஒக்காரு" என்றார்.

ஏறி உட்கார்ந்தாள். அவள் கெட்ட நேரம், லீவில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பாட்டு வாத்தியாரின் ரயில் அன்று சாயங்காலம் பொம்மிடியில் நெடுநேரம் நின்றுவிட்டது. பிளாட்பாரத்தில் காலாற நடந்தவர் கண்ணில் சப்பரமும் பட்டது, வண்டியும் பட்டது, அவளும் பட்டாள்.

கல்லூரி திறந்ததும் அவளை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கல்லூரித் தலைவரும், வாத்தியாரும், இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். தலைவர் மோசமானவர் இல்லை. கண்காணிப்பில் தேறிவந்த பெண்ணை நீக்க அவருக்கு மனசு இல்லை. ஆனால் புகார் வந்தாயிற்றே. வாத்தியார் தான் பார்த்த கிழமையைக் குறித்து வைக்கவில்லை; கிறிஸ்தவர்களுக்கு லீவு விடுகிற நாள்தான் பண்டிகை நாள் என்பது அவர் நினைப்பு. பண்டிகை ஊர்வலத்தைப் பார்த்தோம், ஆகவே அது பெரிய வெள்ளி என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

"பெரிய வெள்ளிக்கிழமை பொம்மிடியில நீ ஆர்மோனியம் வாசிச்சியாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் சகாயமேரி.

அது பொய் இல்லை. தலைவர் முகம் தெளிந்தது. வேறு யாரையோ பார்த்திருப்பார் என்று சொல்லிக் காகிதத்தை மடிக்கப் போனார். அவ்வளவுதான், அவள் தப்பித்தாயிற்று. கும்பிட்டுவிட்டு வெளியே போயிருந்தால் பரீட்சை, பட்டம், எல்லாம் அவளுக்கு. வாத்தியாருக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், அவள் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்த ஜனங்களே இப்படித்தான். சாமி செத்த நாள்லயே பொட்டியத் தூக்கி வண்டியில வச்சுக் கூத்தடிப்பாங்க."

சகாயமேரிக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"சாமி செத்த அன்னைக்கு எங்கூருல மணிகூட அடிக்க மாட்டோமுங்க. கட்டையத்தான் தட்டுவோம். பொட்டி பூட்டிக் கெடக்கும். நான் வாசிச்சது ஞாயித்துக்கெழம, சாமி உசுரோட எழுந்திரிச்ச அன்னைக்கு. ஆமாங்க, வாசிச்சேன். என்ன செய்யணுமோ செய்யுங்க. வெள்ளிக்கெழம வாசிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளே ஒப்புக்கொண்ட பிறகு அவர் என்ன செய்வார்?

மறுநாள் நீக்கல் உத்தரவைக் குமாஸ்தா நீட்டினார். புகாரைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள்: பெரிய வெள்ளிக்கிழமை பொது இடத்தில் ஆர்மோனியம் வாசித்த குற்றத்துக்காக. எதைச் சொல்லக் கூடாது என்று படிப்பையே தூக்கிப் போட்டாளோ, அதையே எழுதி வைத்திருக்கிறார்கள். வயிறு எரியாதா? நாளை மாற்றிக் கொடுங்கள் என்றாள். எந்த நாளானால் என்ன, நீக்கினது நீக்கினதுதானே என்று குமாஸ்தா சிரித்தார். சகாயமேரி தகரப் பெட்டியை ஆபீஸ் வாசலின் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். போகிறவர்கள் தாண்டிப் போனார்கள். ரயில் நேரம் போயிற்று. காவல்காரன் அதட்டினான், குமாஸ்தா கெஞ்சினார். அவள் அசையவில்லை. சாயங்காலம் தலைவரே வெளியே வந்து, உத்தரவை வாங்கி, வெள்ளியை அடித்து ஞாயிறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

மறுநாள் பொம்மிடி ரயிலடியில் சவுரியப்பன் நின்றிருந்தார். விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர். காகிதத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, அவள் கண்ணெதிரே பிடித்துப் படிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தில் அழுத்தி அவள் படித்தாள்.

கேட்டு முடித்தும் அவர் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை.

"நாந்தான் வாசிக்கச் சொன்னேன்னு இதுல போடலியா?"

"நான் அதச் சொல்லலப்பா" என்றாள் சகாயமேரி.

சவுரியப்பன் தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.