அசையாதீங்க அண்ணன் அழித்த படம்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வெளியே புழக்கத்தில் இல்லை. தெருவுக்கு அவர் 'அசையாதீங்க' அண்ணன். இருபது வருடமாக ஸ்டூடியோவில் அவர் பேசியதையெல்லாம் பிழிந்தெடுத்தால் இவ்வளவுதான் தேறும்: தலையைத் தூக்குங்க, தோளை இறக்குங்க, பல்லைக் காட்டாதீங்க, அசையாதீங்க. ஊரையே ஆட்டிவைக்கிற பெரிய மனிதர்களும் அவருடைய சுழல் ஸ்டூலில் உட்கார்ந்ததும் பூனைக்குட்டி ஆகிவிடுவார்கள். அந்த ராஜ்யம் வீட்டு வாசற்படியோடு முடிந்துவிடும். ஒருநாள் பழக்கதோஷத்தில் மனைவியிடமும் "அசையாதே" என்று சொல்லித் தொலைத்தார். அம்மையார் அப்படியே கீழ்ப்படிந்தார். அன்று அடுப்பும் அசையவில்லை.

பாஸ்போர்ட் அளவுக்குள் சிறைப்பட்டுக் கிடந்த இந்த மகா கலைஞருக்கு ஒருவழியாக விடிந்தது. மகளிர் சங்கம் ஒன்று, கட்டியவனிடம் அடிபட்டு மீண்டு வந்த பெண்களின் படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்தது. ஆளுக்கொரு பெண்ணை ஒவ்வொரு புகைப்படக்காரரும் எடுக்க வேண்டும். சிறந்த படம் நுழைவாயிலில், ஆளுயரத்துக்கு. சங்கச் செயலாளர் அம்மா போனிலேயே கலையைக் கற்றுத்தந்தார்.

"பாதி முகம் இருட்டுல இருக்கணும். கண்ணு கொஞ்சம் ஈரமா."

"அழணுங்களா மேடம்?"

"அழக் கூடாது. அழப்போற மாதிரி. அடி வாங்கினது தெரியணும், ஆனா பாக்க அழகா இருக்கணும்."

அண்ணன் ஸ்டூடியோ ஜன்னலில் பாதிக்குக் கறுப்புத் துணி கட்டினார். ஆத்திர அவசரத்துக்கு ஒரு கிளிசரின் புட்டியும் வாங்கி வைத்தார்.

அண்ணன் பங்குக்கு வந்தவர் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உள்ளே நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அண்ணன் கிளிசரின் புட்டியைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தினார்.

"அண்ணே, படத்துல எனக்கும் ஒரு காப்பி வேணும். ஸ்கூல்ல மாட்டணும். வர்ற பொண்ணுங்க ஸ்டியரிங்கைப் பாத்தாலே நடுங்குதுங்க. நான் நல்லா சிரிக்கிற படம் ஒண்ணு எதிர்ல இருந்தா தைரியம் வரும். எங்கிட்ட அப்படி ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"கல்யாண ஆல்பத்துலருந்தே குனிஞ்ச தலைதான். நிமிந்து சிரிச்சா, யாரைப் பாத்து சிரிச்சேன்னு வீட்ல கேள்வி வரும். கேள்வி வாயால வராதுண்ணே, கையாலதான் வரும்."

சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார். நல்ல சோகம் இப்படி வீணாகிறதே என்று அண்ணன் தவித்துப்போனார்.

"சிரிக்காதீங்கம்மா. தலையை இறக்குங்க. அந்த நாளை நினைச்சுக்கங்க."

"எந்த நாளை?"

"இருக்கறதுலயே மோசமானது."

டீச்சர் யோசித்தார். போட்டி கடுமையாக இருந்தது போலும், தேர்ந்தெடுக்க நேரமானது. தோளை இறக்கு என்றால் இறக்கினார். கையை மடியில் வை என்றால் வைத்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டது. எதிர்ப்பேச்சே இல்லை. இவ்வளவு ஒழுங்காகச் சொன்னபடி கேட்கிற ஆளை அண்ணன் தன் தொழிலில் கண்டதில்லை. எல்லாம் நம் கைராசி என்று பூரித்தார்.

அந்த ராசியான கையைத்தான் நீட்டினார். டீச்சரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க, கேமரா ரிமோட்டை இடக்கையில் பிடித்தபடி பாய்ந்து வந்து, வலக்கையைச் சட்டென்று ஓங்கி, "அசையாதீங்க!" என்றார்.

டீச்சர் அசைந்தார். இரண்டு கையும் முகத்தை மூடின. உடம்பு ஸ்டூலோடு சுருண்டது. பதறிப்போன அண்ணனின் விரலில் ரிமோட் அழுந்த, ஸ்டாண்டில் நின்ற கேமரா பளிச்சென்று தன் கடமையைச் செய்தது.

"ஸாரிண்ணே, பழக்கம்," என்றார் டீச்சர். தப்பு அவர் பக்கம் என்பது போல.

அண்ணன் திரையைப் பார்த்தார். பாதி முகம் இருட்டு. விரலிடுக்கில் ஒரு கண், செயலாளர் அம்மா கேட்ட அளவு ஈரத்தோடு. கிளிசரின் செலவுகூட இல்லை. நுழைவாயில், ஆளுயரம், கைதட்டல் எல்லாம் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

டீச்சரும் எழுந்து வந்து பார்த்தார். "இந்த முகம் அவன் ஒருத்தன் மட்டும் பாத்தது. ஊரும் பாக்க வேண்டாம். அழிச்சிடுங்கண்ணே."

"இதுதாம்மா கலை..." என்று இழுத்த அண்ணன், படத்தின் ஓரத்தில் இன்னொன்றைக் கண்டார். ஒரு கை. ஓங்கிய கை. விரலில் தெரிந்த மோதிரம் அவருடையது. இத்தனை வருடத் தொழிலில் அவரே இடம்பெற்ற முதல் படம்.

அழித்தார். நிச்சயமாகவா என்று கேமரா வேறு கேட்டது. நிச்சயமாகத்தான்.

"முதல்ல இந்த இருட்டை எடுங்க," என்று கறுப்புத் துணியை டீச்சரே உருவிப்போட்டார். "இப்ப நீங்க போய் உக்காருங்க."

"நானா?"

"சொல்லிக்குடுக்கறவங்க ஒரு தடவை கத்துக்கறவங்க சீட்டுலயும் உக்காந்து பாக்கணும்ல? தோளை இறக்குங்க. மூச்சு விடுங்கண்ணே, அதுக்குத் தடையில்ல."

அண்ணன் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், முழங்காலில் வைத்தார், கடைசியில் எதையோ திருடி மறைப்பவர் போல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஸ்டூல் வஞ்சம் தீர்த்தது. அரைச் சுற்றுச் சுற்றி அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தது. டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் குதித்து எழுந்து, கேமராவை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கி, வாழ்நாளில் முதல்முறையாக வாயைத் திறக்காமல் படமெடுத்தார்.

"கஷ்டப்பட்ட மாதிரியே தெரியலையே! வேற படம் இல்லையா?" என்று செயலாளர் அம்மா நொந்துகொண்டார்.

"இல்லீங்க மேடம்," என்றார் அண்ணன். கண்காட்சியில் அந்தப் படத்துக்குச் செருப்பு விடுமிடத்துக்கு மேலே உரிய மரியாதையோடு இடம் கிடைத்தது.

டீச்சர் கேட்ட காப்பி டிரைவிங் ஸ்கூலில், கார் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதை முதலில் பார்த்த மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, படம் கலங்கியிருக்கே. நீங்க ஆடிட்டீங்களா?"

"ஆடத்தான் செய்வேன்," என்றார் டீச்சர். "நீ கிளட்சை மிதி."