மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆள்

தொண்ணூறுகளில் எனக்கு வாய்த்த வேலை, வீடு வீடாகப் போய் மனசு நல்லா இருக்கா என்று கேட்பது. வெளிநாட்டில் எழுதிய கேள்விகளைத் தமிழாக்கி, கோயமுத்தூரில் எங்கள் கையில் திணித்துவிட்டார்கள். நோயாளிகள் அதிகம் தென்படும் ஊருக்கு மாதாமாதம் மனநல டாக்டர் வருவார் என்று ஏற்பாடு. கேள்விக்கு அவரவர் வாயால் சொல்லும் பதில் மட்டுமே கணக்கு. நாங்கள் கண்ணால் பார்த்தது சேராது.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. கிணற்றடியில் கல்யாண வயசுப் பெண் ஒருத்தி, காய்ந்த துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள். உதடு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அவளுக்கு டாக்டர் வேண்டும் என்று தெரிய எனக்குப் படிப்பா வேண்டும்?

"வாங்க அம்மணி, மோர் குடிங்க" என்று அவள் அம்மா என்னை உட்கார வைத்தார். பெண்ணை உள்ளே கூட்டிப்போய் நல்ல புடவை கட்டி, பூ வைத்துக் கூட்டி வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினால், மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சாக்கில் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். அந்தியூரிலிருந்து ஓர் இடம் வந்திருந்ததாம்.

"ஐயோ, நான் அவங்க ஆளு இல்லீங்க, ஆராய்ச்சிக்கு வந்தவ!" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அதுக்கென்னுங்க, எது வேணுமோ கேளுங்க" என்று சிரித்தார்.

தூக்கம் வருதா கண்ணு? "வருதுங்க." காதுக்குள்ள யாராச்சும் பேசறாங்களா? அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது. "இல்லீங்க." அழுகை, பயம்? "இல்லீங்க." கை தன் பாட்டுக்கு எழுதியது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கிளம்பும்போது வெற்றிலை பாக்கு எடுக்க அம்மா உள்ளே போனார். அவள் கிட்டே வந்தாள். "ஏனுங்க்கா, நான் சரியாச் சொன்னனுங்களா? நீங்க போற வரைக்கும் கம்முனு இருக்கச் சொல்லி காதுக்குள்ள இருக்கறவங்களைக் கெஞ்சிப்போட்டேன்."

அதையும் எழுதிக் கொடுத்தேன். கேள்வியெல்லாம் முடிந்தபின் சொன்னது சேராது என்று ஆபீசில் அடித்துவிட்டார்கள். மண்ணாங்கட்டி ஆராய்ச்சி! அந்த ஊரில் எல்லா வீட்டிலும் கல்யாணத்துக்கு யாராவது இருந்தார்கள். எல்லாரும் நல்லாத்தான் இருந்தார்கள். டாக்டர் வேறு ஊருக்குப் போனார்.

வைகாசியில் அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். கூட வேலை பார்த்தவள் அதைச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.