சித்தப்பாவின் இடது முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம். எங்கள் மயிலாப்பூர் கோயிலில் ஃபாதர் ஜெப விண்ணப்பப் பெட்டியிலிருந்து நான்காவது சீட்டை எடுத்துப் பிரித்தபோது சுவர்க் கடிகாரம் அதைத்தான் காட்டியது. எனக்கு அப்போது பத்து வயது. இப்போதும் கோயிலில் என் மகள் பேனா கேட்டால், என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்காமல் என்னால் ஜெபிக்க முடிவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தப்பா. கப்பல் வேலையில் இருந்தபோது நெதர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் ஒரே ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தார். அன்றிலிருந்து அந்த ஊர் அணிக்கு அடிமை. ஊர் திரும்பியதும் என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். அந்த வருடம் அவர்கள் நாட்டு லீகில் எங்கள் அணி மழைக்காலம் வரை ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. எங்கள் அணி என்றுதான் சொல்வோம். சிக்கல் ஐரோப்பியக் கோப்பையில். வெளியூரில் நடந்த முதல் ஆட்டத்தில் தோற்றிருந்தோம். புதன்கிழமை சொந்த மைதானத்தில் மறு ஆட்டம். அதற்குள் ஒரு லீக் ஆட்டத்தில் எங்கள் முன்கள வீரர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் இல்லன்னா புதன்கிழமையோட நம்ம கதை முடிஞ்சுதுடி" என்றார் சித்தப்பா.

அதனால்தான் சீட்டு எழுதினேன். ஆனால் யாரோ கிரிக்கெட்டுக்காக எழுதிப் போட்டதில் கோபமாகியிருந்த ஃபாதர், இனிமேல் இந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் பெயரில் வருவதை மட்டுமே வாசிப்பேன் என்று அறிவித்திருந்தார். நான் அந்த வீரர் பெயருக்குப் பதிலாகச் சித்தப்பாவின் முழுப் பெயரை எழுதினேன். யாருடைய கால் என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்பது என் எண்ணம்.

சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் அடையாறிலிருந்து வந்து இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்ததை நான் யோசிக்கவில்லை. பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. சித்தப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது, ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை ஒரு பள்ளி விழாவில் பார்த்த வாரம் அவர் வாராவாரம் நோட்டில் எழுதும் லீக் புள்ளிப் பட்டியலை எழுதவே மறந்திருந்தார்.

ஃபாதர் சித்தப்பாவின் பெயரை வாசித்து, அவருடைய இடது முழங்கால் குணமாகிப் புதன்கிழமைக்குள் பழையபடி ஓட வேண்டும் என்று மன்றாடச் சொன்னார். கோயிலே மன்றாடியது. பெண் வீட்டாரின் குரல் தனியாகக் கேட்டது. (அத்தனை பேர் வேண்டியும் அந்த வீரர் ஆடவில்லை. ஐரோப்பாவிலிருந்து வெளியேறினோம், லீகை மட்டும் ஜெயித்தோம்.)

நற்கருணை வாங்கப் போன சித்தப்பா, தன் கால் நன்றாக இருப்பதைக் காட்ட அணிவகுப்பு போல விறைப்பாக நடந்தார். அதைப் பார்த்து பக்கத்து பெஞ்சு அம்மாள் ஐயோ பாவம் என்றார். பூசை முடிந்ததும் பெண் வீட்டார் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்கள்.

வீட்டில் பஜ்ஜி ஆறியது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"டச்சுக்காரன் காலுக்கு வேண்டிக்கிட்டோம்னு இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு போய் சொல்றது?" என்றார் அம்மா.

"நான் அடையாறு வரைக்கும் ஓடியே போய்க் காட்டறேன் அண்ணி."

"ஓடு" என்றார் அப்பா. "அங்க போயி மூச்சு வாங்கினா, நெஞ்சுலயும் கோளாறுன்னு சேத்துக்குவாங்க."

ஏழரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பெண்ணின் அப்பா தனியாக, சொட்டும் குடையோடு நின்றார். உட்காரவில்லை.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க, அங்க எனக்குப் பேச வாய் வரல. நீங்க கால் விஷயத்த மறைக்காம கோயில்லயே சொல்லிட்டீங்க. எங்க பொண்ணுக்கு ஒரு காது கேக்காது. கல்யாணம் ஆனப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அவதான், இப்பவே போய் சொல்லிட்டு வாங்கப்பான்னு அனுப்பிச்சா."

அது சித்தப்பாவின் கால் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்தினார். சித்தப்பா எழுந்து, இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்துபோய், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க மாமா" என்றார்.

நல்ல காலை வைத்துக்கொண்டு ஏன் நொண்டுகிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.