குணா மேடத்தின் ஜோசிய டப்பா

போன செவ்வாய்க்கிழமை காலை, இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது, என்னோடு குடியை விட்ட செல்வம் போன் செய்தான். "மாமு, குணா மேடம் போய்ட்டாங்க. ஹார்ட் அட்டாக்கு. பன்னண்டு மணிக்கு மேளம் வருது, வந்துடு" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. 'ஐயையோ, மேளமா? நான் போக மாட்டேன்' என்பதுதான் முதலில் வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவருடைய கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். முப்பது வருடம் குடித்தவன். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, மாத்திரைப் பையோடு திருவொற்றியூரில் சைக்கிள் கடை மாடியில் குடியை விட நினைப்பவர்களுக்காக நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். என் வயதுப் பெண்மணி ஒருவர் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார், அவர்தான் குணா மேடம். புத்திமதி வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ ஒரு காகிதத் துண்டை நீட்டினார். "நாளைக்கு ஷிப்டு முட்ச்சிட்டு குடிக்காம வூட்டுக்குப் போனா இன்னா ஆவும்? எழுது நைனா." 'கை நடுங்கும். பெண்டாட்டியோடு சண்டை வரும். ஏழு மணிக்குள் கடைக்கு ஓடுவேன்' என்று எழுதினேன். அதை மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். "மன்சு ஜோசியம் சொல்லுது. பலிக்குதான்னு அடுத்த வாரம் பாப்பம்."

பலிக்கவில்லை! கை நடுங்கியது வாஸ்தவம். ஆனால் சண்டை வரவில்லை. ஏழு மணிக்கு மனைவியோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜோசியக்காரன் ஃபெயிலு!" என்று மேடம் கைதட்டியதில், கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். இதற்குப் புத்தகத்தில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று நீளமாக ஒரு பெயர் இருக்கிறதாம். அவர் படித்துப் பட்டம் வாங்கியவர்தான், எங்களிடம் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்க் குடித்தேன். இரண்டு வாரம் தலைமறைவு. மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். "சீட்டு தப்பாச்சு, அவ்ளோதான். எந்த எடத்துல வழுக்குச்சு, அத்த சொல்லு." நிமிஷம் நிமிஷமாகப் பின்னால் போனோம். வழுக்கியது பாட்டிலைத் திறந்த இடத்தில் இல்லை. பந்தியில் மச்சான் "இவன்லாம் எங்க திருந்தப் போறான்" என்றபோது, 'அவன் சொல்வது சரிதானே' என்று நான் நினைத்தேன் பாருங்கள், அங்கே! அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் பாட்டிலை மட்டுமே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு டிமிக்கி கொடுத்துவந்தேன்: சாவு வீடு. எங்கள் பக்கத்தில் மேளம் வந்து இறங்கினால் முதலில் தொண்டை நனையும், பிறகுதான் கால் எழும். ராயபுரத்தில் என் ஆட்டத்தைப் பார்க்கவே கூட்டம் சேரும். குடியை விட்ட பிறகு எந்தச் சாவுக்கும் போகவில்லை. எல்லாம் முடிந்து மறுநாள் போய்த் தலையைக் காட்டுவேன். உயிர்த் தோஸ்து ஒருவன் போனபோதும் அப்படித்தான். தெரிந்ததும் மேடம் சீட்டை நீட்டினார். 'குடிக்காமல் கால் எழாது. எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில் குடிப்பேன்' என்று எழுதினேன். படித்துவிட்டு, பின்பக்கம் அவரும் எதையோ கிறுக்கி, எனக்குக் காட்டாமல் மடித்தார். "சாவுக்குப் போய்ட்டு வா, தொறக்கலாம். போவாத வரிக்கும் ஜோசியக்காரன்தான் ஜெய்ச்சிகினே இருப்பான்." மூன்று வருடமாக அந்தச் சீட்டு டப்பாவிலேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை இட்லி ஆறிக்கொண்டிருக்க, 'போவாத வரிக்கும்' என்ற அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு காத்திவாக்கத்தில் மேடத்தின் வீட்டுக்கு பஸ் ஏறினேன். "எனுக்கு மேளம் இல்லாம தூக்குனீங்கோ, எழுந்து வந்துருவேன்" என்று மேடம் வீட்டில் சொல்லிவைத்திருந்தாராம். முதல் அடி விழுந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பெரிப்பா, ஒரு கட்டிங் வுட்டா கால் தானா வரும்" என்று யாரோ ஒருவன் பிளாஸ்டிக் தம்ளரை நீட்டினான். வாய் ஊறியது, பொய் சொல்லவில்லை. "ஒரு தெரு போவட்டும் நைனா, அப்பறம் பாக்கலாம்" என்றேன். ஆசையை மறுக்காதே, தள்ளிப் போடு என்பது மேடம் சொல்லிக்கொடுத்தது.

செல்வம் என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் இழுத்தான். கால் கட்டை மாதிரி நின்றது. பிறகு ஒரு கால் எழுந்தது, தாளம் தப்பி. சுழன்று திரும்பியதில் வேட்டி அவிழ்ந்தது! தெருவே சிரித்தது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்போதுதான் அழுகையும் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுடுகாடு வரை ஆடினேன். தம்ளர் நீட்டியவனைத் தேடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் டப்பாவை மாடிக்குக் கொண்டுவந்தார். எல்லார் முன்னாலும் என் சீட்டைப் பிரித்தோம். கால் எழாது: ஃபெயிலு. குடிப்பேன்: ஃபெயிலு. எல்லாரும் சிரிப்பார்கள்: அது மட்டும் நூற்றுக்கு நூறு. மாடி அதிரக் கைதட்டினார்கள்.

டப்பா கூட்டத்துக்கு வேண்டும், அங்கேயே இருக்கட்டும். அந்தச் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. பின்பக்கம் குணா மேடத்தின் கோணல் எழுத்து:

"நைனா ஆடும். கேவலமா ஆடும். ஆனா ஆடும்."