கறுப்புப் பேனாவோடு வந்தவர்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். பென்ஷன் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் மறுநாள் காலையிலேயே அவர் வந்துவிடுவார். வலது கையில் நான்கு விரல்களைத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் தின்றிருந்தது. இடது கையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருக்கும் ஆதார் எண்ணைக் கோணல்மாணலாக அடித்துக்கொண்டே போவார்.

ஒருநாள் பேனாவைப் பிடுங்கினேன். "லிஸ்ட்ல உங்க பேரே இல்ல. ஊரான் நம்பர் உங்களுக்கு எதுக்கு?"

"போன வருசம் இருந்திச்சு சார். இந்தப் பலகையிலேர்ந்து எவனோ என் நம்பர எடுத்துக்கினு போயி கம்பெனில சேர்ந்துட்டான். நான் வேலைக்குப் போறேன்னு சொல்லி ஊனமுற்றோர் பென்ஷன நிறுத்திட்டீங்க. இந்தக் கையப் பாருங்க சார்."

"கையப் பாத்து நான் இன்னா பண்றது? ரெக்கார்டுல நீங்க இப்பவும் கம்பெனில பிரஸ் ஆபரேட்டர்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டாவது வரில மட்டும் நம்பருக்குப் பதிலா நட்சத்திரமா கீதே, அது யாரு சார்?"

"எங்க பெரியம்மா."

"அப்போ மறைக்கத் தெரியும் உங்களுக்கு."

பேனாவைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. முன்பின் தெரியாதவர்களின் எண்களுக்காக அவர் ஏன் அத்தனை தடவை பஸ் ஏறி வந்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த பட்டியலையும் முழு எண்களோடுதான் ஒட்டினேன், பெரியம்மாவின் வரியைத் தவிர.